எட்டுப்பட்டைக் கைப்பிடி

என் அக்கா புருஷனுக்கு ஒரு வியாதி உண்டு. நல்ல கத்தி அடுத்தவர் கையில் இருந்தால் அவருக்குப் பொறுக்காது. "குடு இங்க" என்பார். கேட்பது போலத்தான் இருக்கும். நாம் பதில் சொல்வதற்குள் கத்தி அவர் கையில் இருக்கும். நாங்கள் வேலை பார்க்கும் உணவகத்தில் அவர்தான் மாஸ்டர். பதினாலு பேர் வேலை செய்யும் சமையற்கட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். எனக்கு மட்டும் கூடுதலாக மாமா. அதனால் மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் திட்டுவதைக்கூட நான் மனசுக்குள்தான் திட்ட வேண்டும்.

இரண்டு வருஷம் முன்பு, ஆசை ஆசையாய் ஒரு ஜப்பான் கத்தி வாங்கினேன். என் கையில் நான் வைத்திருந்த முதல் நல்ல கத்தி அது. தக்காளியின் மேல் வைத்தால் போதும், தானாக இறங்கும். வாங்கிய ஒன்பதாம் நாள், கை கழுவப் போய்விட்டுத் திரும்பி வருகிறேன், மாமா அதை வைத்து உறைந்த கோழியைப் பிளந்துகொண்டிருக்கிறார். "மாமா!" என்று நான் கத்தியதும் டக்கென்று சத்தம் கேட்டதும் ஒன்றாக நடந்தது. அந்த எஃகு கடினமானது. சாதாரணக் கத்தி மடங்கும், இது உதிர்ந்துவிடும். விளிம்பில் இரண்டு இடத்தில் பிறை போலத் துண்டு போயிருந்தது.

"ஜப்பான்காரன் கத்தின்னு தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடின. ஒரு கோழிக்குத் தாங்கல பாரு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரித்தால் சிரிக்க வேண்டும், அதுவும் அங்கே வேலையில் ஒரு பகுதிதான். பிறகு அவர் வழக்கப்படி அக்காவைச் சாட்சிக்கு இழுத்தார். "நீயே சொல்லு, கத்தி சரியில்லதானே?"

அக்கா அதே சமையற்கட்டில் கேக் மேசையில் நிற்பவள். நிமிராமல், "ஆமாங்க" என்றாள்.

அந்த உடைந்த கத்தியை நான் தூக்கிப் போடவில்லை. துணியில் சுற்றி என் அறையில் அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் பிரித்து ஒருமுறை பார்த்துக்கொள்வேன். கோபம் ஆறிப்போகக் கூடாதே.

நான் இடதுகைக்காரி. மாமா எனக்கு வைத்த பெயர் 'பீச்சாங்கை'. ஆள் பெயரே அதுதான் என்பது போலக் கூப்பிடுவார். "பீச்சாங்கை, வெங்காயம் ஆச்சா?" ஏழு வருஷமாக என்னைப் பின்கட்டில் காய் நறுக்க வைத்திருந்ததற்கு அவர் சொன்ன காரணமும் அதுதான். இடது கையால் நறுக்குவதை வாடிக்கையாளர் பார்த்தால் சாப்பாடு இறங்காதாம்.

அக்காவும் இடதுகைக்காரிதான். சின்ன வயதில் அவள் கையெழுத்தைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன், அப்படி ஒரு எழுத்து. கல்யாணமான முதல் வாரமே மாமா சொல்லிவிட்டார்: "என் வீட்டுல இந்தப் பழக்கம் வேண்டாம். பாக்கவே அசிங்கமா இருக்கு." அன்றைக்கு மாற்றியவள்தான். கரண்டி, துடைப்பம், பேனா, எல்லாம் வலது கைக்குப் போயின. பதினெட்டு வருஷம். கை மாறியது, ஆனால் எழுத்து திரும்பி வரவில்லை. கேக்கில் பெயர் எழுத வேண்டுமென்றால் பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட வேண்டும். அக்கா க்ரீமைப் பூசி மெழுகுவதோடு சரி. அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். என் கத்திக்காக எரிந்ததைவிட அதிகமாகவே எரியும்.

இப்படி இருக்கும்போதுதான் முதலாளியம்மா ஒரு நாள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். முன்கூடத்தில் கண்ணாடிக் கௌண்டர் ஒன்று வரப்போகிறது. அங்கே ஒருவர் நின்று, வாடிக்கையாளர் கண் முன்னாலேயே பச்சை மீனைத் துண்டு போட்டுத் தட்டில் அடுக்கித் தர வேண்டும். தச்சு வேலை முடிய ஐந்து மாதம் ஆகும். முடிந்ததும் அவரே பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பார். "யாருக்கு விருப்பமோ பேர் குடுங்க. அவங்கவங்க கத்தியோட வாங்க."

மாமா பெயர் கொடுத்தார். அதற்கப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் கையைத் தூக்கினேன். இடது கையை.

மாமா சிரித்த சிரிப்பில் அடுப்பே அணைந்திருக்கும். "பீச்சாங்கைய வெச்சுக்கிட்டு கௌண்டர்ல நிக்கப் போறியா? மீனே எழுந்து ஓடிடும்!"

நானும் சிரித்தேன். என்ன செய்ய வேண்டும் என்பது அந்தச் சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த விடுமுறை நாளன்று கத்திக் கடைக்குப் போனேன். கடையை நடத்துபவள் உயரமான பெண், அளந்து பேசுபவள். விரல்களில் மூன்று பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது; தான் விற்பதைத் தானே தீட்டிப் பார்க்கிறவள்.

"பச்சை மீன் நறுக்க, நீளமான கத்தி வேணும்" என்றேன்.

அவள் முதலில் என் கையைப் பார்த்தாள். "எந்தக் கை?"

சொன்னேன். அவள் ஒரு கத்தியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள். ஒன்றரை சாண் நீளம், ஒடிசலான உடம்பு. "இத நல்லாப் பாருங்க. நம்ம ஊட்டுக் கத்திக்கு ரெண்டு பக்கமும் சாய்வு இருக்கும். இதுக்கு ஒரே பக்கம்தான் சாய்வு. இன்னொரு பக்கம் தட்டை, நடுவுல லேசாக் குழிஞ்சிருக்கும். வலது கைக்காரங்களுக்கு வலது பக்கம் சாய்வு வெச்சிருப்பாங்க. உங்களுக்கு இடது பக்கம் சாய்வு வெச்சது வேணும். அத தனியாச் சொல்லித்தான் செய்யணும். நாலு மாசம் ஆகும்."

"மாத்திப் பிடிச்சா என்ன ஆகும்?"

"கோணலாப் போகும். எவ்வளவு கூர்ன்னாலும் சரி, நீங்க நேரா இழுப்பீங்க, அது வெளிப்பக்கமா நழுவும். துண்டு மேல தடிமனா, கீழே ஒண்ணுமில்லாம வரும். கத்தியிலயும் ஒட்டிக்கும்."

நான் குனிந்து கத்தியைப் பார்த்தேன். "பாத்தா வித்தியாசம் தெரியுமா?"

"தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். கூர் இருந்தாப் போதும்ன்னு நெனைக்கிறவங்களுக்குத் தெரியாது."

கூர் இருந்தால் போதும் என்பதுதான் மாமாவின் மொத்தப் படிப்பும்.

பிறகு கைப்பிடி. ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்த ஒன்றை எடுத்து நீட்டினாள். இடது உள்ளங்கையில் அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. "இதுதான் உங்களுக்கு சுகம். வலது கையில பிடிச்சாக் குத்தும்." பக்கத்தில் எட்டுப்பட்டை போட்ட கைப்பிடி ஒன்று இருந்தது. அது எந்தக் கையில் பிடித்தாலும் ஒன்றுதான், தன்னைக் காட்டிக்கொடுக்காது.

"எட்டுப்பட்டையே போடுங்க" என்றேன்.

"அந்த இன்னொண்ணுதான் உங்க கைக்கு…"

"தெரியுது. இதுவே இருக்கட்டும்."

அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "வேற யாராவது உங்க கத்திய எடுப்பாங்களா? எடுத்தாச் சொல்லி வெச்சிருங்க."

"கண்டிப்பாச் சொல்லிடறேன்" என்றேன். சொல்லத்தான் போகிறேன், எப்படிச் சொல்வது என்பதுதான் விஷயம்.

கத்தி வந்தபோது கௌண்டருக்கு நாலு வாரம்தான் இருந்தது. நான் அதை உணவகத்துப் பக்கமே கொண்டுபோகவில்லை. என் அறையில் முள்ளங்கி, வெள்ளரிக்காய், கையில் கிடைக்கும்போது மீன் என்று பழகினேன். இந்தக் கத்தியை வைத்து முன்னும் பின்னும் அறுக்கக் கூடாது, அழுத்தக் கூடாது. பிடியோரத்திலிருந்து முனை வரை ஒரே இழுப்பு. நடுவில் நின்றால் நின்ற இடம் துண்டில் கோடாகத் தெரியும். முதல் வாரம் என் துண்டுகள் எல்லாம் கோடு போட்ட நோட்டு மாதிரி இருந்தன. வேலை முடிந்ததும் உடனே துடைக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் துரு ஏறிவிடும். தீட்டுகல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, சாய்வுப் பக்கத்தைக் கல்லில் படியவைத்துத் தேய்ப்பேன். தட்டைப் பக்கத்தில் விரலை வைத்தால் சொரசொரவென்று மயிரிழைப் பிசிறு தட்டுப்படும். அது நெடுக வந்துவிட்டால் கத்தியைத் திருப்பிப் போட்டு லேசாக ஒரு தேய்ப்பு. தேய்க்கும்போதெல்லாம் மாமா முகம்தான் கண் முன்னால் வரும். நன்றாகத் தீட்ட அது உதவியாகவே இருந்தது.

ஒரு விடுமுறை மதியம் அக்கா வந்தாள். பலகையில் முள்ளங்கித் துண்டுகள் அடுக்கியிருந்தேன். "நான் ஒண்ணு போடட்டுமாடி?" என்று கத்தியை எடுத்தாள், வலது கையில். இழுத்தாள். கடைக்காரி சொன்னது சொன்னபடி நடந்தது. மேலே விரல் தடிமன், கீழே வெறும் தோல். கத்தியைவிட்டு வரவும் மாட்டேன் என்றது.

"நான் எதத் தொட்டாலும் இப்படித்தான்" என்றாள்.

"நீ தொட்டது தப்பில்லக்கா, தொட்ட கைதான் தப்பு. மாத்திப் பிடி."

அக்கா சட்டென்று கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டிருந்தது. மாமா இரண்டு தெரு தள்ளித் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார். ஆனாலும் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே அந்த ஆளை மன்னிக்கக் கூடாது என்று நினைத்தேன்.

கத்தி இடது கைக்கு மாறியது. முள்ளங்கியின் இடது ஓரத்தில் வைத்து இழுத்தாள். துண்டு தானாகக் கழன்று படுத்தது. எடுத்துச் சன்னலுக்கு நேரே பிடித்தாள், விரல் தெரிந்தது. அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

அதற்கப்புறம் விடுமுறைதோறும் வந்தாள். என்னைவிடச் சீக்கிரம் படிந்தது அவளுக்கு. ஏன் இந்தக் கத்தி, ஏன் இதை உணவகத்தில் காட்டவில்லை என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் அவள் தடுத்துவிடுவாளோ என்று பயம். என்ன இருந்தாலும் புருஷன்.

கௌண்டர் தயாரான அன்று காலை பத்தரை மணி. முதலாளியம்மாவும் அவர் அழைத்த இரண்டு விருந்தாளிகளும் முன்கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா வெளுத்த சட்டை, புது ஏப்ரன் போட்டு மாப்பிள்ளை மாதிரி நின்றார். ஐந்து மாதமாக அவர் செய்த பயிற்சி, கைபேசியில் வீடியோ பார்த்ததுதான். அவருடைய கத்தி தடித்தது, இரண்டு பக்கமும் சாய்வு வைத்தது. அதை வைத்து ஓரளவு ஒப்பேற்றியிருப்பார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் என் மேசையில் கத்திப் பெட்டியைத் திறந்தேன். வேண்டுமென்றே நிதானமாகத் திறந்தேன். ஒரு தக்காளியை எடுத்து, கையால் பிடிக்காமலே, மேலிருந்து காகிதம் போல ஒரு துண்டு சீவினேன். அது கண்ணாடி போலப் பலகையில் விழுந்தது. பக்கத்தில் நின்றவன் "அடேயப்பா!" என்றான்.

மூக்கில் வியர்த்தது போல மாமா வந்துவிட்டார். "என்னது அது?"

"புதுக் கத்தி மாமா."

"குடு இங்க."

"வேணாம் மாமா." எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "இது என் கைக்குன்னு சொல்லிச் செஞ்ச கத்தி. உங்களுக்குச் சரிப்படாது."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"எனக்குச் சரிப்படாத கத்தி இனிமேத்தான் பொறக்கணும்" என்றார் மாமா. கத்தி அவர் கைக்குப் போயிருந்தது. எட்டுப்பட்டைக் கைப்பிடி அவர் வலது கையில் சமர்த்தாக உட்கார்ந்தது. கட்டைவிரலால் கூரைத் தடவிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

அப்போதுதான் அக்காவின் நினைவு வந்தது. திரும்பினேன். கேக் மேசையில் தட்டைக் கரண்டியைப் பிடித்தபடி அவள் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. "என்னங்க, அது வேண்டாம்" என்று ஒரு வார்த்தை போதும். என் ஐந்து மாத உழைப்பும் அவள் நாக்கு நுனியில் இருந்தது.

அக்கா குனிந்து க்ரீமைத் தடவ ஆரம்பித்தாள்.

கௌண்டரில் டூனா மீனின் சிவந்த கட்டி ஒன்று இருந்தது. ஆளுக்குப் பன்னிரண்டு துண்டு என்பது முதலாளியம்மா கணக்கு. முதலில் மாமா. சமையற்கட்டு வாசலில் நாங்கள் எல்லோரும் கூடி நின்றோம். மாமா விருந்தாளிகளுக்கு ஒரு புன்னகை வைத்துவிட்டுக் கத்தியை மீனின் வலது ஓரத்தில் வைத்து ஸ்டைலாக இழுத்தார்.

துண்டு மேலே தடித்து, கீழே கிழிந்த துணி போல வந்தது. கத்தியில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. விரலால் வழித்துப் போட்டார். இரண்டாவதும் அதே மாதிரி. மூன்றாவதற்குக் கத்தியை மறுபக்கம் சாய்த்துப் பிடித்தார். இப்போது அடியில் தடித்து மேலே ஒன்றுமில்லாமல் போனது. நான்காவதில் பொறுமை போய், ரம்பம் மாதிரி அறுத்தார். மீன் நைந்துபோனது. விருந்தாளிகளில் ஒருவர் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டார். மாமாவின் காது மடல் சிவந்தது. ஐந்தாவது துண்டு தரையில் விழுந்தது.

பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது என்று சொன்னால் அது பொய். வயிறு குளிர்ந்தது. அந்த ஐந்து துண்டையும் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகலாம் போல இருந்தது.

"கத்தி சரியில்ல மேடம்" என்றார் மாமா. "இந்தப் பொண்ணு ஏதோ வேல காட்டியிருக்கா. கத்தியே கோணல்."

முதலாளியம்மா என்னைப் பார்த்தார். இந்த நிமிஷத்துக்குத்தான் நான் ஐந்து மாதம் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒரு அடி முன்னால் வைத்தேன். அதற்குள் மாமா, பழக்க தோஷம், என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

"இவளையே கேளுங்க மேடம். பதினெட்டு வருஷமா கிச்சன்ல இருக்கா. நீ வா, வந்து பாத்துச் சொல்லு. கத்தி கோணல்தானே?"

அக்கா வந்தாள். ஏப்ரனில் கை துடைத்தாள். மாமா கத்தியை நீட்டினார். அவள் அதை வலது கையால் வாங்கி, ஈரத்துணியில் இரண்டு பக்கமும் நிதானமாகத் துடைத்தாள். பிறகு இடது கைக்கு மாற்றினாள்.

"ஏய்…" என்றார் மாமா.

அக்கா மீனைத் தன் பக்கம் திருப்பி வைத்தாள். இடது ஓரத்தில் பிடியோரத்தை வைத்து, முனை வரை ஒரே இழுப்பு. துண்டு மெல்லச் சாய்ந்து பலகையில் படுத்தது. வெட்டிய பக்கம் கண்ணாடி போலப் பளபளத்தது. இன்னொன்று. இன்னொன்று. மூன்றும் ஒரே அச்சு.

"கத்தி நல்லாத்தாங்க இருக்கு" என்றாள் அக்கா. எனக்குத் தெரிந்து அவள் அவருக்குச் சொன்ன முதல் மறுப்பு அதுதான்.

முதலாளியம்மா அக்கா கையையும் மாமா கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், "உன் முறை" என்றார். பன்னிரண்டு துண்டு போட்டேன். ஒன்பதாவதில் மட்டும் லேசாக ஒரு கோடு விழுந்தது, அதை நான்தான் கவனித்தேன்.

"நாளையிலேருந்து நீ இங்க நில்லு" என்றார் முதலாளியம்மா. அக்காவிடம் திரும்பி, "உனக்கு வாரத்துல ரெண்டு நாள் குடுக்கலாம்ன்னு பாக்கறேன். யோசிச்சு வை" என்றார். மாமாவிடம் எதுவுமே சொல்லவில்லை. அவரைத் திட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

உள்ளே வந்ததும் அக்காவின் மேசைக்குப் போனேன்.

"அவரு கத்திய எடுத்தப்பவே உனக்குத் தெரியும்லக்கா. ஏன் சொல்லல?"

"நீதான் சொன்னியே, சரிப்படாதுன்னு. கேட்டாரா?" பாதி முடிந்த பிறந்தநாள் கேக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எல்லாம் தெரிஞ்சவருடி அவரு. அவருக்கு நான் என்னத்தச் சொல்றது."

பக்கத்து மேசைப் பெண் வழக்கம்போலப் பெயர் எழுத எழுந்து வந்தாள். அக்கா அவளைக் கையமர்த்தி உட்காரச் சொன்னாள். க்ரீம் கூம்பை இடது கையில் எடுத்து, முனையை ஒருமுறை அழுத்திப் பார்த்து, எழுத ஆரம்பித்தாள். முதல் எழுத்து கொஞ்சம் தயங்கியது. இரண்டாவது எழுத்தின் சுழியில் நான் அந்தப் பழைய கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டேன்.

மேசை மேல் நிழல் விழுந்தது. மாமா வந்து நின்றிருந்தார். இடது கையைப் பார்த்தார், வாயைத் திறந்தார். சமையற்கட்டே வேலையை நிறுத்திவிட்டு அந்த வாயைப் பார்த்தது.

அக்கா தலை நிமிரவில்லை.

"என்னங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க. தள்ளி நில்லுங்க."

மாமா தள்ளி நின்றார்.